10 சக்கர டிப்பர் எடுக்கப் போகிறேன்: லேலண்டா, டாடாவா, பாரத்பென்ஸா?

பரமத்தி டிப்பர்

எல்லோருக்கும் வணக்கம். க.பரமத்தி பக்கத்துக் கிரஷர்களிலிருந்து எம் சாண்டும் ஜல்லியும் எடுத்து சப்ளை செய்கிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு 6 சக்கர டிப்பர், பழைய புகை விதிப்படி வந்த பி.எஸ்.4 வண்டி (இப்போது வருவது பி.எஸ்.6). வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு யூனிட், இரண்டரை யூனிட் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. இப்போது திருப்பூரில் ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் தினமும் எம் சாண்ட் இறக்கச் சொல்கிறார்கள். காங்கேயம் வழியாகப் போய் வர 150 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். இந்தச் சின்ன வண்டியை வைத்து அதைச் செய்தால் டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்குமே சரியாகப் போய்விடும். அதனால் 10 சக்கர வண்டி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பார்த்து வைத்திருப்பது மூன்று. அசோக் லேலண்ட் 2825, டாடா சிக்னா 2825.கே, பாரத்பென்ஸ் 2828சி. மூன்று ஷோரூமிலும் கொட்டேஷன் வாங்கியாயிற்று, மூன்று இடத்துத் தம்பிகளும் தங்கள் வண்டிதான் மைலேஜ் என்று சத்தியம் செய்கிறார்கள். ஐஷர் பக்கம் இன்னும் போகவில்லை. மாமனார் "எடுப்பதுதான் எடுக்கிறாய், 12 சக்கரமாகவே எடு" என்கிறார். கிரஷர் ஓனர் வேறு, திருப்பூர் லோடு இல்லாத நாளில் குவாரிக் குழியிலிருந்து கிரஷருக்கு போல்டர் (பெரிய பாறைக்கல்) அடி, வாடகை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாடி மூவருமே 16 கன மீட்டர் பாக்ஸ் என்றுதான் கொட்டேஷனில் போட்டிருக்கிறார்கள்.

சங்ககிரியில் ஒரு பழைய பி.எஸ்.4 10 சக்கரமும் விலைக்கு இருக்கிறது. புகையைச் சுத்தமாக்க யூரியா திரவம் ஊற்றுகிற தொல்லை இல்லை என்று புரோக்கர் ஆசை காட்டுகிறார்.

ஓட்டுகிறவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்க கம்பெனி உங்க கம்பெனி சண்டை மட்டும் வேண்டாம், அது யூடியூபில் நிறையப் பார்த்துவிட்டேன்.

நெல்லை லோடு

தம்பி, கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு. அந்த ரெடிமிக்ஸ் பிளான்ட் உங்களுக்குக் காசு தரப்போவது யூனிட் கணக்கிலா, டன் கணக்கிலா? பெரிய பிளான்ட் எல்லாம் வாசலிலேயே எடைமேடை வைத்து டன்னுக்குத்தான் பணம் போடுகிறான். வீடு கட்டுகிறவரிடம் பாடியைக் காட்டி "இதோ பாருங்க சார், முழு யூனிட்" என்று சொல்கிற வியாபாரம் அங்கே நடக்காது.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எம் சாண்ட் ஒரு யூனிட் நாலரை டன்னுக்குக் குறையாது. கழுவின ஈரம் வடியாமல் ஏற்றினால் ஐந்து டன்னைத் தொடும். உங்களுக்குக் கொட்டேஷன் போட்ட 16 கன மீட்டர் பாடியை விளிம்பு வரை நிரப்பினால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல், எடை 25 டன். வண்டியோ 28 டன் வண்டி. 2018ல் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியபோது 10 சக்கரத்துக்கு 25 டன்னாக இருந்தது 28 ஆனது, 12 சக்கரத்துக்கு 31 டன்னாக இருந்தது 35 ஆனது. அந்த 28 டன் என்பது வண்டியும் சரக்கும் சேர்த்து. சேஸ், பாடி, பாடியைத் தூக்குகிற ஜாக்கி, டீசல் எல்லாம் சேர்த்து காலி வண்டியே 11, 12 டன் நிற்கும். மிச்சம் 16 டன், மூன்றரை யூனிட். அவ்வளவுதான் சட்டப்படி.

அப்படியென்றால் பாடி நிறைய ஏற்றிக்கொண்டு போனால் 9 டன் அதிகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கணக்குப் போட்டால் 38,000. சரக்கை அந்த இடத்திலேயே இறக்கவும் சொல்வார்கள். நான் புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஓட்டுகிறவன், எங்கள் பக்கம் இது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, பேப்பரில் வாரம் ஒரு தடவை டாரஸ் லாரி படம் வருகிறதே.

எல்லோரும் ஏற்றுகிறார்கள், நீ மட்டும் என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஏற்றுகிறவனுடைய வாடகைக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்கள் இ.எம்.ஐ. போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மூன்றரை யூனிட் கணக்கில் வண்டி தன் இ.எம்.ஐ.யைத் தானே கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டுகிறது என்றால் எந்தக் கம்பெனி எடுத்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். கட்டவில்லை என்றால் லோடு ரேட்டில்தான் கோளாறு, வண்டியில் இல்லை.

சங்ககிரி பட்டறை

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. நான் மெக்கானிக் பக்கம் சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 2825 என்றால் 28 டன், 250 குதிரைத்திறன். 2828 என்றால் 28 டன், 280. டாடாவில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின். பாரத்பென்ஸில் 7.2 லிட்டர், ஓ.எம்.926 என்பார்கள், டார்க் 1100 நியூட்டன் மீட்டர். டாடாவில் 2825 போதாது என்றால் 2830.கே இருக்கிறது, 300 குதிரைத்திறன். ஆனால் காங்கேயம் ரோட்டில் 28 டன்னோடு போக 250 தாராளம், அங்கே என்ன ஏற்காடு மலையா இருக்கிறது? கூடுதல் குதிரைத்திறன் வேலை செய்வது குழியில். நிறைய லோடோடு முதல் கியரில் செம்மண் ஏற்றத்தில் ஏறி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இங்கேதான் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். திருப்பூர் ஓட்டமும் குழி ஓட்டமும் ஒரே வண்டியில் ஒத்துப்போகாது. ஒரு நாள் இரண்டு நாள் ஓட்டலாம், வாடிக்கையாக வைத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாடி. எம் சாண்டுக்கு பின்கதவு வைத்த பாக்ஸ் பாடி. போல்டருக்கு ஸ்கூப் பாடி, பின்னால் கதவே இருக்காது, அடித்தகடு தடிமனாக இருக்கும். பாக்ஸில் எக்ஸ்கவேட்டர்காரன் மேலிருந்து கல்லைப் போட்டான் என்றால் அடித்தகடு குழி குழியாகிவிடும், பின்கதவின் கொண்டி வளைந்துவிடும், அப்புறம் திருப்பூர் போகிற வழியெல்லாம் மணல் கொட்டிக்கொண்டே போவீர்கள்.

அடுத்தது பின் ஆக்சில். ஹப் ரிடக்ஷன் என்று ஒன்று கேட்டிருப்பீர்கள். சாதா ஆக்சிலில் நடுவில் இருக்கிற கியர் ஜோடியான கிரவுன் பினியன் ஒன்றே முழு வேகக் குறைப்பையும் தாங்கும். ஹப் ரிடக்ஷனில் பாதி வேலையைச் சக்கரத்துக்குள் இருக்கிற கியர் எடுத்துக்கொள்ளும், அதனால் கிரவுன் பினியன் சீக்கிரம் போகாது, ஆக்சில் தண்டு முறுக்கிக்கொள்வதும் குறைவு. குவாரிக்கு அது தெய்வம். ஆனால் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும்போது அந்தக் கூடுதல் கியர்கள் சும்மா சுற்றி டீசலைத் தின்னும், ஹப் ஒவ்வொன்றிலும் ஆயில் பார்க்கணும், சீல் கசிகிறதா பார்க்கணும். ரோட்டு ஓட்டத்துக்கு அது தேவையில்லாத செலவு.

ஆக்சில் ரேஷியோவும் அப்படித்தான், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஆக்சிலுக்கு வருகிற தண்டு எத்தனை சுற்று சுற்றணும் என்கிற எண். எண் பெரிதாக இருந்தால் இழுவை, சின்னதாக இருந்தால் ஓட்டம். ஒரே மாடலில் இரண்டு மூன்று ரேஷியோ வைத்திருப்பார்கள். ஷோரூம் தம்பி கையில் ஸ்டாக்கில் எது இருக்கிறதோ அதைத்தான் தள்ளப் பார்ப்பான். கொட்டேஷனில் ரேஷியோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. மைலேஜ் பற்றி மூன்று பேரும் செய்கிற சத்தியத்தை விட அந்த ஒரு எண் அதிகம் பேசும்.

டயர்: ரோட்டுக்கு ரேடியல். குழிக்கு இன்னும் நிறைய பேர் நைலான்தான் போடுகிறார்கள், கூர்க்கல் பக்கச்சுவரில் கிழித்தாலும் தாங்கும், விலையும் குறைவு. ஒரு வண்டிக்கு எதைப் போடுவீர்கள்?

கம்பெனி விஷயத்துக்கு என் பதில், உங்கள் வண்டி நிற்கிற இடத்திலிருந்து எந்த சர்வீஸ் பக்கம், ராத்திரி காங்கேயத்தில் வண்டி நின்றால் லேப்டாப்போடு வருகிற ஆள் யாரிடம் இருக்கிறான், அதுதான். இன்ஜினில் மூன்றுமே ஓடுகிற வண்டிதான். லேலண்டுக்கு எண்ணூரும் ஓசூரும், பாரத்பென்ஸுக்கு ஒரகடம் என்று இரண்டும் நம் ஊரிலேயே செய்கிற வண்டி. ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் சென்சார் நாளைக்கே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், அது டீலர் ஸ்டாக் வைக்கிற லட்சணத்தைப் பொறுத்தது. லேலண்ட், டாடா பாகம் வெளிக் கடையிலும் கிடைக்கும், எந்தப் பட்டறைக்காரனும் கை வைப்பான். பாரத்பென்ஸுக்கு முக்கால்வாசி ஷோரூமைத்தான் நம்பணும், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கிற ஷோரூம் பக்கத்தில் இருந்தால் அது குறை இல்லை.

பரமத்தி டிப்பர்

நெல்லை அண்ணா, பட்டறை அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிளான்ட்டில் போன் போட்டுக் கேட்டேன், டன் கணக்குதானாம், எடைச்சீட்டு அவர்கள் மேடைச்சீட்டுதான் செல்லுமாம். கல், மணல் கொண்டுபோக அரசு அனுமதியான நடைச்சீட்டு இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்களாம். கொட்டேஷனைப் புரட்டிப் பார்த்தேன், மூன்றிலும் ரேஷியோ இல்லை!

அப்படியென்றால் 16 கன மீட்டர் பாடி எதற்கு? சின்னதாகக் கட்டச் சொல்லலாமா? அப்புறம் ஓட்டுகிறவர்கள் யாரும் இன்னும் பேசவில்லையே.

ஸ்டியரிங் ராஜ்ஜியம்

நான் ஓட்டுகிறவன். ஓனர்கள் எல்லாம் கணக்குப் பேசி முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள், பரவாயில்லை.

மூன்று கம்பெனி வண்டியும் வேறு வேறு ஓனர்களிடம் ஓட்டியிருக்கிறேன். உட்காருகிற சுகம், கேபினுக்குள் சத்தம் குறைவு என்று பார்த்தால் எனக்கு பாரத்பென்ஸ். லேலண்ட் கிளட்ச், கியர் எல்லாம் பழகின கை, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். சிக்னா கேபின் அகலம், கண்ணாடி பெரிது, ரிவர்ஸ் எடுக்க நல்லது. இது என் ருசி, இன்னொரு டிரைவர் தலைகீழாகச் சொல்வான். அதனால் உங்களிடம் நிலையாக நிற்கப்போகிற டிரைவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போய் டெமோ வண்டியை லோடோடு ஓட்டச் சொல்லுங்கள். காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றினால் எல்லா வண்டியும் பென்ஸ்தான்.

ஏ.சி. பற்றி யாரும் சொல்லவில்லை. 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகிற பெரிய லாரிக்கெல்லாம் ஏ.சி. கேபின் கட்டாயம். ஸ்டாக்கில் இருக்கிற முந்தைய தயாரிப்பு வண்டி என்று கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கிரஷர் தூசிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார முடிகிறது என்றால் அந்த டிரைவர் உங்களை விட்டுப் போகமாட்டான். ஓனர்கள் ஏ.சி. போட்டால் டீசல் போகும் என்று சாவியைப் பிடுங்குவார்கள், அது வேறு கதை.

இனி டிப்பிங். ஜாக்கி இரண்டு வகை, பாடிக்கு முன்னால் நிற்பது ஒன்று, பாடிக்கு அடியில் இருப்பது ஒன்று. முன் ஜாக்கி வேகமாகத் தூக்கும், ஆட்டம் குறைவு. எது வைத்தாலும் ஈர எம் சாண்டில் ஒரு ஆபத்து இருக்கிறது, பாடியின் முன்மூலையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பின்பாதி இறங்கிவிட்டது, முன்பாதி பத்தடி உயரத்தில் கட்டியாக நிற்கிறது, கீழே ஒரு பக்கச் சக்கரம் பொதபொத மண்ணில். வண்டி சாய்வதற்கு அவ்வளவு போதும். நிறைய டிப்பர் கவிழ்வது இறக்குகிற இடத்தில்தான். பிளான்ட்டில் கான்கிரீட் தரை இருக்கும், அங்கே பயம் இல்லை. வீடு கட்டுகிற இடத்தில் 10 சக்கரத்தைக் கொண்டுபோய்த் தூக்காதீர்கள், மேலே கரண்ட் கம்பி வேறு இருக்கும்.

இறக்கி முடித்ததும் பி.டி.ஓ.வை (ஜாக்கி பம்புக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கிற இணைப்பு) வெட்டாமல் அப்படியே ஓட்டுகிற பசங்கள் இருக்கிறார்கள். பம்ப் காலி. பாடி இறங்காமலே ரோடு ஏறுகிற மகான்களும் உண்டு. பஸ்ஸர் இருக்கிறதா என்று பாடி கட்டும்போதே கேளுங்கள், இருந்தால் ஒயரைப் பிடுங்க விடாதீர்கள்.

மண்வேலை கான்ட்ராக்ட்

உங்கள் மாமனார் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லையே, அவர் கட்சியில் நான் சேர்கிறேன். ரோடு வேலைக்கு கிராவல் அடிக்கிறேன், என்னிடம் 10 சக்கரமும் 12 சக்கரமும் இருக்கிறது. 35 டன் வண்டியில் காலி எடை 14 போக 21 டன் சட்டப்படி ஏறும். 10 சக்கரத்தில் 16. ஐந்து டன் அதிகம், அதே டிரைவர், அதே பேட்டா, டீசல் கொஞ்சம்தான் கூடும். 75 கிலோமீட்டர் ஒற்றை வழி லோடு, டன் கணக்கில் பணம், கான்கிரீட் தரையில் இறக்கம். இதற்கு 12 சக்கரம் எடுக்காமல் எதற்கு எடுப்பது? ஓவர்லோடு போடாமல் பிழைக்கணும் என்று நெல்லை அண்ணன் சொல்கிறார், அதற்கு வழி 12 சக்கரம்தான்.

ஸ்டியரிங் ஆக்சில் இரண்டு, அதனால் முன்னால் நான்கு டயர். அலைன்மென்ட் விட்டுப்போனால் நான்கையும் வழித்து எடுத்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளணும். சந்தில் திரும்பாது. வீட்டு வேலைக்குத்தான் உங்களிடம் 6 சக்கரம் இருக்கிறதே.

நெல்லை லோடு

கான்ட்ராக்ட் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 12 சக்கரம் என்றால் அந்த ஒரே பிளான்ட்டை நம்பித்தான் வண்டி. ரெடிமிக்ஸ்காரன் இரண்டு மாதம் பில்லை இழுத்தால் என்ன செய்வது? 10 சக்கரத்தை மறுநாளே வேறு எங்காவது விட்டுவிடலாம், ஜல்லி, செங்கல் மண், சவுடு என்று கேட்க ஆள் இருக்கும். விற்கப் போனாலும் நம் பக்கத்தில் 10 சக்கரத்துக்கு ஆள் அதிகம். பணம் 30 நாளில் வரும் என்று எழுதித் தருகிறானா? தந்தால் 12 எடுக்கலாம். வாய்வார்த்தை என்றால் 10.

மண்வேலை கான்ட்ராக்ட்

எழுதித் தருகிற ரெடிமிக்ஸ்காரனை நான் இன்னும் பார்த்ததில்லை அண்ணே 😄 அந்த விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

பரமத்தி டிப்பர்

எழுதித் தரமாட்டார்கள், வாய்வார்த்தைதான். அதனால் 10 சக்கரம் என்றே வைத்துக்கொள்கிறேன். போல்டர் வேலையையும் விட்டுவிடுகிறேன், அதற்கு ஓனரே பழைய ஸ்கூப் வண்டி ஒன்று தேடட்டும்.

பட்டறை அண்ணாவிடம் இரண்டு கேள்வி. பி.எஸ்.6 பற்றி பயமாக இருக்கிறது. கிரஷரில் லோடுக்கு க்யூவில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டுத்தான் நிற்பார்கள், அப்படி நின்ற வண்டி ஒன்று போன மாதம் இழுக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது, கம்பெனி பெயர் வேண்டாம். இது எல்லா வண்டிக்கும் வருமா? இன்னொன்று, அந்த சங்ககிரி பி.எஸ்.4 வண்டியை என்ன செய்வது?

சங்ககிரி பட்டறை

எல்லா பி.எஸ்.6 வண்டிக்கும் வரும், பார்த்துக்கொண்டால் வராது. புகையில் இருக்கிற கரியை ஃபில்டர் பிடித்து வைக்கும், இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடும்போது அது தானே எரிந்துவிடும். ஐடிலில் நிற்கும்போதும், குழிக்கும் கிரஷருக்கும் நடுவே அரை கிலோமீட்டர் ஓட்டத்திலும் புகைக்குழாயில் அந்தச் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். அதை மதிக்காமல் ஓட்டினால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். விளக்கு வந்த அன்றே வண்டியை ஓரம் கட்டி கரியை எரிக்கிற ரீஜென் சுவிட்சைப் போட்டு விட்டால் போதும், சைலன்சர் பக்கம் காய்ந்த புல், தார்ப்பாய் எதுவும் இல்லாத இடமாகப் பாருங்கள். உங்கள் திருப்பூர் ஓட்டம் இதற்கு மருந்து மாதிரி, தினமும் லோடோடு ஒன்றரை மணி நேரம் ஓடினால் அது தானே எரிந்துகொள்ளும். க்யூவில் மட்டும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், டீசலும் மிச்சம்.

யூரியா திரவம் டீசலில் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு போகும். 150 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் டீசல் என்றால் இரண்டு, இரண்டரை லிட்டர். அதற்குப் போய் கேனில் ஊற்றி விற்கிற மட்டச் சரக்கை வாங்காதீர்கள். தரமானதில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான நீர். போர்வெல் தண்ணீரில் உரக்கடை யூரியாவைக் கரைத்து விற்பதும் நடக்கிறது, அந்த உப்பு எல்லாம் பம்பிலும் தெளிப்பானிலும் போய் உட்காரும். பட்டறைக்கு வருகிற யூரியா கேஸ்களில் பாதி இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், நிறைய டிரைவர்களுக்குத் தெரியாது. இன்ஜினை அணைத்த உடனே பேட்டரி மெயின் சுவிட்சைத் திருகாதீர்கள். குழாயில் மிச்சம் இருக்கிற யூரியாவைத் திரும்பத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ள பம்புக்கு இரண்டு மூன்று நிமிடம் வேணும். உடனே கரண்டை வெட்டினால் அது குழாய்க்குள்ளேயே காய்ந்து வெள்ளைக் கட்டியாகிவிடும்.

பழைய வண்டி விஷயம். பி.எஸ்.4 விற்பனை 2020 மார்ச்சோடு முடிந்தது, அதனால் எவ்வளவு புதிது என்று சொன்னாலும் அதற்கு முந்தையதுதான். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம், அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22ல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆகியிருக்கிறது, புது வண்டி விலை இறங்கியதற்குத் தகுந்தபடி பழையது இறங்கியிருக்கிறதா என்று புரோக்கரிடம் கேளுங்கள். இழுக்கிறது இரண்டு பின் ஆக்சிலுமா என்றும் பாருங்கள், 10 சக்கரம் என்று சொல்லி ஒரே ஆக்சில் இழுக்கிற லோடு லாரியில் டிப்பர் பாடி ஏற்றி வைத்திருப்பான்.

நேரில் போனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கேபினுக்குப் பின்னால் சேஸ் இரண்டு பக்கமும், பாடி கீல் உட்காருகிற பின் முனையும், இரண்டு பின் ஆக்சிலும் சேர்ந்த போகி நிற்கிற இடமும். மூன்று இடத்திலும் டார்ச் அடித்து வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். உள்பக்கத்தில் ஒரு தகடு புதிதாக வைத்து அடித்திருந்தால் அந்த வண்டி ஓவர்லோடிலேயே பிழைத்த வண்டி. லோடோடு பாடியைத் தூக்கிப் பாதியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், இறங்கியிருந்தால் ஜாக்கி சீல் போயிற்று. அப்புறம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் சலான் பாக்கி, ஆர்.சி.யில் இருக்கிற பைனான்ஸ் கடன் பதிவு (ஹெச்.பி.) கேன்சல் ஆகியிருக்கிறதா, குவார்ட்டர் டாக்ஸ். இதெல்லாம் சுத்தமாக இருந்து, விலையும் படிந்தால் எடுக்கலாம். ஆனால் திருப்பூர் தினசரி ஓட்டத்துக்கு நான் புதுசுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஒரு நாள் லோடு தவறினால் பிளான்ட்காரன் வேறு ஆளைப் பிடித்துவிடுவான்.

பாடியைக் கேட்டீர்களே. எம் சாண்ட் மட்டும்தான் என்றால் பத்து கன மீட்டருக்கே 16 டன் வந்துவிடும். 14 கன மீட்டரில் கிடைக்கிறதா கேளுங்கள், காலி எடையில் கொஞ்சம் மிச்சம், அந்த மிச்சமும் தினமும் சம்பளம் தரும். 16 தான் தருவேன் என்றால் எடுத்துக்கொண்டு உள்பக்கம் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். லோடர் ஓட்டுகிறவனிடம் "அண்ணே, கோடு வரைக்கும்" என்று சொல்ல வசதி.

பரமத்தி டிப்பர்

சரிங்க அண்ணா. திங்கட்கிழமை டிரைவரோடு மூன்று ஷோரூமுக்கும் போகிறேன். சாதா ஆக்சில், சின்ன ரேஷியோ, 14 கன மீட்டர் பாக்ஸ், முன் ஜாக்கி, இந்த நாலையும் கொட்டேஷனில் எழுதித் தருகிறவரிடம்தான் அடுத்த பேச்சு. காங்கேயத்தில் ராத்திரி ஆள் வருமா என்றும் கேட்டுவிடுகிறேன். ஐஷரையும் ஒரு எட்டு பார்த்துவிடுகிறேன், ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.

ஸ்டியரிங் ராஜ்ஜியம்

டெமோவுக்குப் போகும்போது லோடோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் போட்டு இறக்கத்தில் விடச் சொல்லுங்கள், பிரேக் மிதிக்காமல் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். பிரேக் லைனிங் செலவு அங்கேதான் தெரியும். கூட வருகிற ஷோரூம் தம்பி வேண்டாம் சார் என்பான், அப்போதுதான் கட்டாயம் செய்யணும்.